ஜெனிட்டாவின் தொண்டைக்கு ஏழு வைத்தியம்

தொண்டை கட்டிக்கொண்டால் நம் ஆட்களுக்கு ஒரு சந்தோஷம் வந்துவிடும். கட்டியவருக்கு இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கு. காய்ச்சல் என்றால் டாக்டரைப் பார் என்பார்கள். வயிற்றுவலி என்றால் பட்டினி கிட என்பார்கள். தொண்டை என்று சொல்லிப் பாருங்கள், ஆளாளுக்கு வைத்தியராகிவிடுவார்கள். 2006 ஆகஸ்டில் போலாரம் ஜெனிட்டாவுக்குத் தொண்டை கட்டியபோது ஏழு பேர் ஏழு வைத்தியம் சொன்னோம். சொன்னோம் என்கிறேன், ஏனென்றால் அந்த ஏழில் ஒன்று என்னுடையது.

நான் அனுபமா. ஹைதராபாத் அமீர்பேட்டில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் முன் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களுக்கு எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு, யார் எடுக்கிறார் என்று சொல்வதுதான் வேலை. ஜெனிட்டா அங்கே டெஸ்டிங் பிரிவில் இருந்தாள். டெஸ்டிங் என்றால் வேறு ஒன்றுமில்லை. ஒருவர் எழுதிய புரோகிராமில் எங்கே கோளாறு இருக்கிறது என்று, அது வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன்பே கண்டுபிடிப்பது. பிறர் வேலையில் குற்றம் காண்பதற்கு ஒரு படிப்பு, அதற்குச் சம்பளம் வேறு என்று நான் அவளைக் கேலி செய்வதுண்டு. வீட்டில் நடந்ததெல்லாம் அவள் பிறகு எனக்குச் சொன்னது. ஹாலில் நடந்ததை நானே பார்த்தேன்.

அவள் செகந்திராபாத்தை ஒட்டிய போலாரத்திலேயே பிறந்தவள். அப்பா ராணுவ டிப்போவில் லாரி ஓட்டியவர். தாத்தா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த புராட்டஸ்டண்ட் குடும்பம். வீட்டில் தமிழ் பேசினார்கள், ஆனால் பள்ளியில் படித்தது இங்கிலீஷ், ஹிந்தி, தெலுங்கு. ஆகவே தமிழை வாயால் பொழிவாளே தவிர, ஒரு எழுத்துகூட எழுதவோ வாசிக்கவோ தெரியாது. சர்ச்சில் தமிழ்ப் பாட்டுகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவாள். இருபத்தெட்டு வயதில் சிலாஸைக் கட்டிக்கொண்டாள். அவன் திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துக்காரன், ராணுவ எஞ்சினியரிங் அலுவலகத்தில் கிளார்க். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் அப்பா தவறிய பிறகு, அவன் அம்மா எலிசபெத்தும் இவர்களோடு வந்து சேர்ந்தார். அவருக்குத் தமிழ் பைபிள் தலைகீழ்ப் பாடம். வேறு எந்த எழுத்தும் தெரியாது.

ஜெனிட்டா முதலில் எங்களிடம் படிக்க வந்தவள்தான். படித்துவிட்டு ஒன்பது கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போனாள். ஒன்பதிலும் பதில் சரியாகத்தான் சொன்னாள். வயது முப்பதா, கல்யாணத்துக்குப் பிறகு ஏன் இடைவெளி என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். எங்கள் எம்.டி. அவளைச் சந்தேகம் தீர்க்கும் வகுப்புக்கு வைத்துக்கொண்டார். சக்ரபாணி சார் மேடையில் பாடம் எடுப்பார். அவர் போன பிறகு, புரியாதவர்கள் எல்லாம் இவளைச் சூழ்ந்துகொள்வார்கள். மூன்று வருஷம் இப்படி அவர் சாப்பிட்ட இலையை எடுக்கிற மாதிரி வேலை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் பேசினாள். ஆனால் எந்த பேனரிலும் அவள் பெயர் வரவில்லை.

அந்த ஆகஸ்டில்தான் வந்தது. காலை ஏழரை மணி வகுப்புக்கு ஆள் குவிந்தது, சக்ரபாணி சாருக்கு நேரம் போதவில்லை. எம்.டி. ஜெனிட்டாவைக் கூப்பிட்டு, அடுத்த திங்கட்கிழமை டெமோ நீ எடு, ஹாலில் ஆள் நிலைத்தால் அந்த வகுப்பு உன்னுடையது, ஆள் எழுந்து போனால் சக்ரபாணிக்கே கொடுத்துவிடுவேன் என்றார். மறுநாளே எங்கள் வாசலில் பேனர் ஏறியது. ‘டெஸ்டிங் டூல்ஸ் – ஜெனிட்டா மேடம்’. அவள் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று அதைப் பார்த்தாள். நானும் கூடப் போனேன். அவள் கண் கலங்கியது, எனக்கும்தான்.

டெமோ என்றால் அமீர்பேட்டில் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது இலவச முதல் வகுப்பு. ஒரே தெருவில் ஒரே பாடத்துக்கு நாலு இடத்தில் டெமோ நடக்கும். பிள்ளைகள் ஒன்றில் பத்து நிமிஷம் உட்காருவார்கள். பிடிக்காவிட்டால் பையை எடுத்துக்கொண்டு அடுத்த மாடிக்குப் போய்விடுவார்கள். பாடத்தை அப்புறம்தான் பார்ப்பார்கள், முதலில் பார்ப்பது குரலை. குரலில் தடுமாற்றம் இருந்தால் ஆளுக்கு விஷயம் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தொண்டை கரகரத்தது. புதன்கிழமை விழுங்கினால் முள் குத்தியது. டெமோவுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

முதல் வைத்தியம் மாமியாருடையது. எலிசபெத் அம்மாள் அறுபத்து நாலு வயதில், முழங்கால் வலியோடு பஸ் ஏறி, செகந்திராபாத் மோண்டா மார்க்கெட் வரை போய் சித்தரத்தை வாங்கி வந்தார். சுக்கு, மிளகு, சித்தரத்தை தட்டிப் போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியையும் போட்டு, நாலு டம்ளர் ஒரு டம்ளராகும்வரை வற்றவிட்டார். குடித்தால் காது வழியாகப் புகை வரும்.

“எரியத்தான் செய்யும், குடிட்டி. எரிஞ்சாத்தான் சளி அறும்” என்றார் மாமியார்.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா ஒரு கடுக்காய்த் துண்டைக் கொடுத்து, கன்னத்தில் அடக்கி வைத்துச் சாறை விழுங்கச் சொன்னார். சிலாஸ் மெந்தால் மிட்டாய் ஒரு பட்டை வாங்கி வந்தான். ஜெபக்கூட்டத்து அம்மா ஒருவர் அவித்த முட்டையில் மிளகைக் கொட்டி டப்பாவில் அனுப்பினார். சக்ரபாணி சார் தேனில் ஊறிய பூண்டு என்றார். சந்தேக வகுப்புப் பிள்ளைகள் தெருமுனை ஓட்டலிலிருந்து இஞ்சி தட்டிப் போட்ட இரானி டீ வாங்கி வந்து மணிக்கொரு தரம் நீட்டினார்கள். நான் யுனானிக் கடையில் ஒரு பாட்டில் முசுக்கொட்டைப் பழ சர்பத் வாங்கிக் கொடுத்தேன். கறுப்பாக, நன்றாகத்தான் இருந்தது. உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதில் சொல்பவருக்கு என்ன பெருமை இருக்கிறது?

அவள் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாத சுபாவம். அதோடு பயம். வியாழக்கிழமை ஒரே நாளில் ஏழையும் செய்தாள். கடுக்காயைத் துப்பிவிட்டு முட்டையைத் தின்று, அதன்மேல் சர்பத்தைக் குடித்து, மெந்தாலை வாயில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனதை நானே பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை எழுந்து சிலாஸைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அன்று அவள் வேலைக்கு வரவில்லை. படுக்கையில் உட்கார்ந்து அழுதாளாம். அழுகைக்கும் சத்தம் வரவில்லையாம், அது இன்னும் பயமாக இருந்ததாம். மத்தியானம் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். யோசித்ததும் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. மூன்று வருஷமாகப் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிச் சொல்லிச் சலித்த பாடம் ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஏழை ஒரே சமயத்தில் மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று ஆண்டவனுக்கும் தெரியாது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான்.

ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டாள். எல்லாவற்றையும் நிறுத்துவது, பிறகு ஒவ்வொன்றாகச் செய்து என்ன ஆகிறது என்று எழுதுவது. ஏழில் எதன்மேல் முதல் சந்தேகம் என்று பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் குடித்தவுடன் எரிந்தது கஷாயம் ஒன்றுதான். மாலையில் சிலாஸ் வந்ததும் இங்கிலீஷில் எழுதிக் காட்டினாள். கஷாயத்தை நிறுத்த வேண்டும், அதுதான் காரணம் என்று.

சிலாஸ் நல்லவன். ஆனால் அலுவலகத்தில் வருகிற மெமோவை உரக்க வாசித்து வாசித்து அதே பழக்கம். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய், அம்மாவிடம் அப்படியே தமிழில் வாசித்தான்.

“கஷாயத்த நிறுத்தணுமாம்மா. அதாம் காரணமாம்.”

எலிசபெத் அம்மாள் அடுப்பில் வற்றிக்கொண்டிருந்ததை எடுத்துச் சாக்கடையில் ஊற்றினார். பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தார். மீதிக் கருப்பட்டியைப் பழைய துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஜெனிட்டா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பக்குவமாக வேறு மாதிரிச் சொல்லத் தெரிந்தவள்தான். சொல்லக் குரல் இல்லை, காற்றாக வருகிற பேச்சு அந்த அம்மா காதில் ஏறாது, எழுத மாமியாருக்குத் தெரிந்த எழுத்து இல்லை.

சனிக்கிழமை கட்டங்கள் நிரம்பின. கடுக்காய் தொண்டையை வறளவைத்தது. மெந்தால் ஐந்து நிமிஷம் ஜில்லென்றிருந்து பிறகு இன்னும் காய்ந்தது. என் சர்பத்துக்கு எதிரே, நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்று எழுதியிருந்தாள். அந்த நோட்டைப் பிறகு நான் பார்த்தேன், கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. உப்பு வெந்நீர் அரைமணி நேரம் இதமாக இருந்தது. வெதுவெதுப்பான அரிசிக் கஞ்சியும் அப்படியே. ஆவி பிடித்தால் விழுங்க முடிந்தது. வலி மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. குரல் மட்டும் வரவில்லை. கஷாயத்தை நிறுத்தி ஒரு நாள் முழுசாகக் கழிந்த பிறகு, முதல் நாளைவிட மோசமாக இருந்தது.

மாலை ஆறு மணிக்குச் சிலாஸ் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு செகந்திராபாத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனான். நடுவயதுப் பெண் டாக்டர். சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். குரல் நாண்கள் இரண்டும் சிவந்து தடித்திருப்பதாகச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார். சிலாஸ் சொன்னான். குரலுக்கு ஓய்வு கொடுத்தீர்களா என்றார். அதற்கு ஜெனிட்டாவே முன்வந்து பதில் சொன்னாள். மூன்று நாளாகச் சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசவில்லை டாக்டர், எல்லாம் கிசுகிசுப்புதான் என்று கிசுகிசுத்தாள்.

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். கிசுகிசுப்பதை ஓய்வு என்று யார் சொன்னது என்று கேட்டார். இந்த நிலையில் அழுத்தி அழுத்திக் கிசுகிசுப்பது பேசுவதைவிட மோசமாக நாண்களைப் படுத்தலாம் என்றார். எவ்வளவு நேரம் கிசுகிசுத்தீர்கள் என்றார்.

அமீர்பேட்டில் தொண்டை போன எல்லா வாத்தியார்களும் அதைத்தான் செய்தார்கள். குரலைச் சேமிக்கிறோம் என்று நாள் பூராவும் கிசுகிசுப்பார்கள். ஜெனிட்டாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே சக்ரபாணி சார்தான். இவள் அதோடு நிற்கவில்லை. நாற்பது நிமிஷ டெமோவைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு வார்த்தை விடாமல் கிசுகிசுத்து ஒத்திகை பார்த்திருந்தாள். புதன் முதல் சனி வரை பதினோரு தடவை. கட்டம் போட்ட நோட்டில் கஞ்சிக்கு இடம் இருந்தது, கடுக்காய்க்கு இடம் இருந்தது, அந்தப் பதினோரு தடவைக்கு இடம் இல்லை. கஷாயம் எரிச்சல் தந்திருக்கலாம், குரலைக் கொண்டுபோனது அது இல்லை என்று டாக்டர் சொன்னபோது ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் இரண்டு சங்கதி சொன்னார். ஒன்று, டெமோவைத் தள்ளிப் போடுங்கள். இரண்டு, தள்ளிப் போட முடியாவிட்டால் திங்கட்கிழமை மேடை ஏறும்வரை ஒரு சத்தம் கூடாது, வருகிறதா என்று பார்க்கக்கூட வாயைத் திறக்கக் கூடாது. மேடையில் மைக் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில், பதினைந்து நிமிஷம். அதற்குள் பிடித்துக்கொண்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வீம்புக்கு மேலே பேசினால் நாண்களில் முடிச்சு விழலாம், அது விழுந்தால் குரல் பழையபடி திரும்பும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, சிலாஸ் எம்.டி.க்கு ஃபோன் செய்தான். டெமோ தேதி நகராது, முடியாவிட்டால் சொல்லுங்கள், சக்ரபாணி தயாராக இருக்கிறார் என்றார் எம்.டி. ஜெனிட்டா ஃபோனை வாங்கி எஸ்.எம்.எஸ். அனுப்பினாள், வருகிறேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர், பேசியது ஒருவன். ஜெனிட்டா சர்ச்சுக்குப் போகவில்லை. ஆவி பிடித்தாள், வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்தாள். எலிசபெத் அம்மாள் மருமகள் சாப்பாட்டுப் பக்கமே வரவில்லை. சிலாஸ் கஞ்சி வைத்தான், கட்டி கட்டியாக இருந்தது. அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார், கரண்டியை வாங்கிக் கிண்டவில்லை. ஜெனிட்டாவுக்குத் தொண்டை வலியைவிட அதுதான் விழுங்க முடியாமல் இருந்தது.

சாயங்காலம் ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷில் எழுதினாள். கஷாயம்மேல் தப்பில்லை, டாக்டர் என்ன சொன்னார், தான் எப்படித் தவறாக நினைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள், எல்லாம். சிலாஸ் அதை வாங்கி அம்மா எதிரே உட்கார்ந்து நிதானமாக, இந்தத் தடவை நன்றாகவே தமிழில் சொன்னான். எலிசபெத் அம்மாள் கடைசிவரை கேட்டார்.

“குத்தம் சொல்லவும் ஒன் வாய்தாம், சமாதானம் சொல்லவும் ஒன் வாய்தாமால?” என்றார் மகனிடம். “எந்திச்சுப் போல.”

எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம் உண்டு. மருமகள் எந்த நிலைமையில் இருக்கிறாள் என்று தெரிந்தும் இந்த வீறாப்பு தேவையா? ஆனால் மோண்டா மார்க்கெட் படிகளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கியது அவர்தான், நான் இல்லை.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஜெனிட்டா புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். குரல் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. முப்பத்தாறு மணி நேரமாகத் தொண்டையிலிருந்து ஒரு ஒலி வரவில்லை. சிலாஸ் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான். கதவருகே எலிசபெத் அம்மாள் ஃபிளாஸ்க்கோடு நின்றார். முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

“வெறும் வெந்நிதாம் இருக்கு. நா ஒண்ணும் போடல.”

ஜெனிட்டா அதை வாங்கிக்கொண்டு கேட் வரை போனாள். பதினைந்து நிமிஷம்தான் குரல். அதில் ஒரு சொட்டைக்கூட வெளியே சிந்தக் கூடாது. மூன்று வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தான். மேடை ஏறும்வரை வாயைத் திறந்து பார்க்காதே என்று டாக்டர் சொன்னது காதில் இருந்தது. ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அவள் ஃபிளாஸ்க்கைச் சிலாஸ் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மாமியாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

“அத்தை, கஷாயம் இல்ல. நான்தான். குசுகுசுன்னு பேசிப் பேசி நானே கெடுத்துக்கினேன்.”

குரல் வந்தது. பாதி காற்றும் பாதி உடைசலுமாக, ஆனால் வந்தது. எலிசபெத் அம்மாள் தன் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினார்.

“போதும்ட்டி. என்ட்ட சொல்லித் தீத்துராத. அங்க போய்ப் பேசு, போ.”

சிலாஸ் அவளைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டான். பஸ்ஸில் அமீர்பேட் வரும்வரை அவளுக்கு ஒரே பதற்றம். அந்த நாலு வார்த்தையில் எவ்வளவு செலவாயிற்றோ தெரியவில்லை. திரும்பிப் போகாமல் வந்திருக்கலாமோ என்று ஒரு தரம் நினைத்தாள், நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

ஏழு இருபதுக்கே மூன்றாம் மாடி ஹால் நிரம்பிவிட்டது. இருநூற்றைம்பது பேராவது இருக்கும். ஜன்னல் ஓரத்திலும் நின்றார்கள். நான் பெயர் எழுதும் தாள்களை வரிசைவரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். பின்கதவில் எம்.டி. நின்றார். பக்கத்தில் சக்ரபாணி சார், சட்டைப் பையில் அவருடைய சொந்த மார்க்கர் பேனாவோடு.

ஜெனிட்டா மேடை ஏறி, முதலில் பலகையில் எழுதினாள். என் தொண்டை சரியில்லை, மெதுவாகத்தான் பேசுவேன் என்று. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் இரண்டு பேர் அப்போதே பையை எடுத்தார்கள். அவள் மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பேச ஆரம்பித்தாள். கரகரத்த, தாழ்ந்த குரல். காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களை மற்றவர்களே உஸ் என்று அடக்கினார்கள். அமீர்பேட்டில் மின்விசிறிச் சத்தம் கேட்ட டெமோ ஹால் அது ஒன்றுதான்.

பதினோரு தடவை ஒத்திகை பார்த்த பாடத்தை அவள் தொடவே இல்லை. அந்த வாரக் கதையைச் சொன்னாள். ஏழு மருந்து வந்தது, ஏழையும் ஒன்றாகச் சாப்பிட்டேன், அதனால் ஒன்றுமே தெரிந்துகொள்ளவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தேன், அப்போதும் தவறு செய்தேன். எரிந்தது எதுவோ அதுதான் குற்றவாளி என்று எழுதினேன். எதை எல்லாம் மாற்றினேன் என்று பட்டியல் போட்டவள், எதை மாற்றாமல் விட்டேன் என்று பட்டியல் போடவில்லை, பதினோரு கிசுகிசுப்பு ஒத்திகை அங்கேதான் ஒளிந்திருந்தது. பொய்க் குற்றம் சுமத்தினேன், ஒருவர் மனம் நொந்தது. கம்பெனியிலும் இப்படித்தான், தப்பாகக் கோளாறு எழுதினால் புரோகிராமுக்கு வலிக்காது, அந்தப் புரோகிராமை எழுதியவருக்கு வலிக்கும். இவ்வளவையும் இங்கிலீஷில், சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னாள்.

பத்தாவது நிமிஷம் வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன். நாலைந்து பேர் போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பலகையில் ஒரு கட்டம் வரைந்து, அப்படியானால் முதல் சோதனை எதுவாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்கத் திரும்பினாள். பாதி வாக்கியத்தில் குரல் நின்றது. மறுபடி உதட்டை அசைத்தாள். மைக்கில் மூச்சுச் சத்தம்தான் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடும் என்று நினைக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு மைக்கை மேஜைமேல் வைத்தாள்.

எம்.டி. கையைக் காட்டினார். சக்ரபாணி சார் நடுவழியே நடந்து மேடை ஏறி மைக்கை எடுத்தார். நாற்காலிகள் கிறீச்சிட ஆரம்பித்தன. ஜெனிட்டா பலகையருகே மார்க்கரோடு நின்றாள். இறங்கவும் இல்லை, நகரவும் இல்லை. மேற்கொண்டு நான் எடுக்கிறேன் என்று சக்ரபாணி சார் ஆரம்பித்தார்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். உப்பல் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், என்னிடம்தான் விசாரித்துவிட்டுப் போயிருந்தாள். சார் மன்னிக்கணும், மேடமிடம் ஒரு கேள்வி இருக்கிறது என்றாள். மேடம் பேச வேண்டாம், தலையை ஆட்டினால் போதும் என்றாள். முதல் சோதனை, ஒத்திகையை நிறுத்துவதாக இருந்திருக்க வேண்டுமா?

ஜெனிட்டா ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஜன்னல் ஓரத்திலிருந்து இன்னொருவன் கேட்டான். ஒத்திகையையும் கஷாயத்தையும் ஒரே நாளில் நிறுத்தியிருந்தால் விடை கிடைத்திருக்குமா? இல்லை என்று தலையாட்டினாள். ஏன் என்பதைப் பலகையில் இரண்டே வரியில் எழுதினாள். பின்வரிசையில் ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. பையை எடுத்தவர்கள் நின்றபடியே கேட்டார்கள், சிலர் மறுபடி உட்கார்ந்தார்கள். ஒருவர் கேள்வி இன்னொருவருக்குக் கேட்கவில்லை, ஹால் பெரியது.

சக்ரபாணி சார் மேடையில் மைக்கோடு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பின்கதவைப் பார்த்து எம்.டி.யிடம் வேண்டாம் என்பதுபோல் கையசைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். கடைசி வரிசையில் கை தூக்கியிருந்த பையன்வரை நடந்துபோய், அவன் வாயருகே மைக்கைப் பிடித்து, மேடமைப் பார்த்துக் கேளுப்பா என்றார்.